‘ஹோக்ஸ்’: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்
(அம்பாறை நிகழ்வை முன்வைத்து ஓர் ஆய்வுக் குறிப்பு)

ஆங்கிலத்திலே ‘ஹோக்ஸ்’ என வழங்கும் சொல்லைத் தமிழிலே பெயர்க்க முற்படுவோர் பெரும்பாலும் மூன்று சொற்களுள் ஒன்றைக் கையாளுகின்றனர். சிலர் ‘வதந்தி’ என்பர். சிலர் ‘புரளி’ என்பர். வேறு சிலர் ‘போலி’ என்பர். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருளுடையன போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து மூன்றும் மூன்று வேறு செய்திகளைச் சுட்டுவன என்பது புலனாகும். அவ்வேறுபாடு அகராதியாளரின் நுண்மை மட்டும் சார்ந்ததன்று. 2018ஆம் ஆண்டு அம்பாறை நகரிலே ஒரு பள்ளிவாசலும் ஒரு சாப்பாட்டுக் கடையும் தாக்கப்படுவதற்கு ஏதுவாயிருந்த செய்தியை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம் என்பதைப் பொறுத்தே, அதற்குப் பொறுப்பானவர் யார் என்னும் வினா எழுகின்றது. அல்லது எழாமலே போய்விடுகின்றது. ஆதலின் ‘ஹோக்ஸ்’ என்னும் சொல்லின் வரலாற்றையும், அதனோடு உறவுடைய சொற்களையும், தமிழிலே அப்பொருளைக் குறிக்கத்தக்க சொற்களையும் ஒப்புநோக்கி, அவ்வொளியில் அம்பாறை நிகழ்வை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் பிறப்பு

‘ஹோக்ஸ்’ என்னும் சொல் ஆங்கிலத்திலே மிகப் பழமையானதொன்றன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அது எழுத்தில் இடம்பெறுகின்றது. பிரான்சிஸ் குரோஸ் என்பார் தொகுத்த கொச்சைமொழி அகராதியின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பிலே அதனைக் காண்கின்றோம். ஆங்கே அது பல்கலைக்கழகத்தார் வழங்கும் பகிடிச்சொல்லாகக் குறிக்கப்பட்டுள்ளது. விசித்திரமான ஒருவனை நகையாடுதல் என்பதே அதன் அக்காலப் பொருள். எமது பல்கலைக்கழகங்களிலே ‘பகிடிவதை’ என்னும் சொற்றொடர் எத்துணை வன்மையான பொருளைத் தாங்கி நிற்கின்றது என்பதை அறிந்த எமக்கு, ‘ஹோக்ஸ்’ என்பதும் மாணவர் பகிடியிலே தோன்றிப் பின்னர் நச்சுப்பொருள் பெற்றமை வியப்பளிக்காது.

சொல்லாராய்ச்சியாளர் இதனை ‘ஹோக்கஸ்’ என்பதன் குறுக்கமாகக் கொள்வர். ‘ஹோக்கஸ்’ என்பதோ ‘ஹோக்கஸ் போக்கஸ்’ என்னும் தொடரின் முற்பகுதியாகும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தில் வித்தை காட்டித் திரிந்தோர் கையின் வேகத்தை மறைப்பதற்காக வாயினால் உச்சரித்த பொருளற்ற மந்திரமே அது. முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்து வித்தைக்காரன் ஒருவன் அப்பெயராலேயே அறியப்பட்டிருந்தான் என 1656ஆம் ஆண்டில் தாமஸ் ஆடி என்பார் எழுதியுள்ளார். 1634ஆம் ஆண்டிலே வெளிவந்த செப்பிடுவித்தை நூலொன்றும் அப்பெயரையே தலைப்பிற் கொண்டிருந்தது. கத்தோலிக்கத் திருப்பலியிலே அப்பத்தைக் கிறித்துவின் உடலெனக் கூறும் இலத்தீன் வாசகத்தின் திரிபே அம்மந்திரம் என, பின்னாளில் கன்ரபரி பேராயரான ஜோன் தில்லற்சன் ஊகித்தார். புரட்டஸ்தாந்தரின் சமயப்பகைமை தோய்ந்த அவ்வூகம் இன்றுவரை நிறுவப்பட்டிலது. ஒரு சொல்லின் பிறப்பை விளக்குங்கால்கூட, மாற்றுச் சமயத்தாரின் உணவுச்சடங்கினை ஏமாற்றாகக் காணும் மனப்பாங்கு தலைகாட்டியமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

‘ஹோக்கஸ்’ என்னும் வினை பெற்ற மற்றொரு பொருளும் எமது ஆய்வுக்கு இன்றியமையாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒருவரது பானத்தில் அவர் அறியாவண்ணம் மயக்கமருந்து கலத்தலை அச்சொல் குறித்தது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836–37ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலிலே, தேர்தற் காலத்தில் எதிர்க்கட்சி வாக்காளரின் மதுவில் மருந்து கலந்து அவர்களை உறங்கவைக்கும் செய்தி இச்சொல்லாலேயே கூறப்படுகின்றது. எனவே ஒரே வேரிலிருந்து இரு கிளைகள் தோன்றின எனலாம். உண்பதிலும் குடிப்பதிலும் மருந்து கலத்தல் ஒரு கிளை. பொய்யை மெய்போலக் காட்டி நம்பவைத்தல் மற்றைய கிளை. மருந்து கலக்கப்பட்டதென்னும் பொய்யையே பொருளாகக் கொண்ட அம்பாறை நிகழ்விலே இவ்விரு கிளைகளும் மீண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பெயர்ச்சொல்லாக ‘ஹோக்ஸ்’ 1808 அளவிலிருந்து வழக்குப் பெறுகின்றது. 1810 நவம்பரில் இலண்டன் பேர்னர்ஸ் வீதியில் வாழ்ந்த ஒருவரது வீட்டுக்கு, தியோடர் ஹூக் என்னும் எழுத்தாளர் பொய்க்கடிதங்கள் மூலம் நூற்றுக்கணக்கான வணிகரையும் தொழிலாளரையும் ஒரே நாளில் வரவழைத்த செயல் இப்பெயரால் புகழ்பெற்றது. 1835 ஓகஸ்ட் மாதத்தில் ‘நியூயோர்க் சன்’ நாளிதழ், சந்திரனில் சிறகுடைய மாந்தர் காணப்பட்டதாகத் தொடர்கட்டுரை வெளியிட்டு விற்பனையைப் பெருக்கிற்று. 1912ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பில்ற்டவுன் என்னுமிடத்தில் ஆதிமனிதனின் மண்டையோடு கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித மண்டையோட்டோடு வாலில்லாக் குரங்கின் தாடையைப் பொருத்திச் சாயமூட்டிய பொய் அது என்பது 1953ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. பகிடியாகப் பிறந்த சொல் ஒன்றரை நூற்றாண்டுக்குள் வணிகத்தையும் அறிவியலையும் தழுவி நின்றமையை இவ்வெடுத்துக்காட்டுகள் உணர்த்தும்.

இவையனைத்துக்கும் பொதுவான கூறுகள் மூன்று. ஒன்று, பொய்யென அறிந்தே அதனை ஆக்கிய ஒருவர் உளர். இரண்டு, அது மெய்யெனத் தோன்றுதற்குரிய சான்று ஒன்றும் உடன் ஆக்கப்படுகின்றது. மூன்று, நம்புவோரின் முன்னைய எதிர்பார்ப்பை அச்சான்று நிறைவு செய்கின்றது.

2. உறவுச் சொற்கள்

போலியைக் குறிக்கும் ஏனைய ஆங்கிலச் சொற்களும் தத்தம் தொழிற்களத்தின் மணத்தை இன்னும் இழந்தில. ‘கவுண்டர்ஃபீற்’ என்பது எதிர்நிறுத்திச் செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பழம்பிரெஞ்சு வழியாக வந்தது. தொடக்கத்தில் அதற்கு இழிபொருள் இல்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் நாயகியின் உருவப்படத்தையே அச்சொல் குறிக்கின்றது. ‘ஃபோர்ஜ்’ என்பது கொல்லனின் உலைக்களத்தைக் குறித்த சொல். ஆவணத்தைப் பொய்யாக ஆக்குதலுக்கு அது பின்னரே ஆயிற்று. ‘போகஸ்’ என்பது 1827 அளவில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே கள்ள நாணயம் வார்க்கும் கருவிக்கு வழங்கிய பெயர். ‘ஃபோனி’ என்பது மோதிரத்தைக் குறிக்கும் ஐரிஷ் மொழிச் சொல்லின் வழிவந்ததாகக் கருதப்படுகின்றது. பித்தளை மோதிரத்துக்குப் பொன்முலாம் பூசித் தெருவில் நழுவவிட்டு, அதனைக் கண்டெடுத்தது போல நடித்து வழிப்போக்கனுக்கு விற்ற எத்தர்களின் தொழிலை அது நினைவூட்டும். 2017 அளவில் தோன்றிய ‘டீப்ஃபேக்’ என்னும் சொல், கணினியின் துணைகொண்டு ஒருவரது முகத்தையும் குரலையும் போலச் செய்தலைக் குறிக்கின்றது.

நாணயம், ஆவணம், மோதிரம், முகம் என்னும் இவையெல்லாம் பொருள்கள். பொருளைப் போலச் செய்தலே இச்சொற்களின் அடிப்படை. ‘ஹோக்ஸ்’ ஒன்றே இவற்றினின்றும் விலகி நிற்கின்றது. அது பொருளைப் போலச் செய்வதன்று; நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகச் சமைப்பது. ஆதலால் அதனைப் ‘போலி’ எனப் பெயர்த்தல் முற்றும் பொருந்தாது.

3. தமிழ்ச் சொற்கள்

‘போலி’ என்பது ‘போல்’ என்னும் அடியிற் பிறந்த சொல். எம் இலக்கண மரபிலே அதற்கு இழுக்கில்லை. பசல் என்பது பைசல் என்றும், அமச்சு என்பது அமைச்சு என்றும், நிலம் என்பது நிலன் என்றும் வருவதை நன்னூலார் முறையே முதல், இடை, கடைப் போலிகளாக அமைப்பர். எழுத்து மாறினும் பொருள் மாறாமையே ஆண்டுப் போலியின் இலக்கணம். அளவைநூல் மரபிலோ அச்சொல் வழுவைக் குறிக்கின்றது. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 எனப் பகுத்துரைக்கின்றது. காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதது ஏதுப்போலி. இப்பாகுபாடு எமக்குப் பின்னர் பயன்படும்.

‘வதந்தி’ வடமொழியில் ‘சொல்கின்றார்கள்’ எனப் பொருள்படும் பன்மை வினைமுற்றினடியாக வந்தது. சொல்கின்றவர் யார் என்னும் வினாவுக்கு அச்சொல்லிலே இடமில்லை. எழுவாய் இல்லாத வாக்கியமே வதந்தி எனலாம். பிழையான செய்தியொன்று நல்லெண்ணமுடையோர் வாயிலும் வதந்தியாகலாம். மெய்யான செய்திகூட உறுதிப்படுத்தப்படும் வரை வதந்தியாக உலவலாம். ‘புரளி’, ‘புரட்டு’ என்பன புரளுதல், புரட்டுதல் என்னும் வினைகளோடு தொடர்புடையன. மேல் கீழாதல் என்னும் கருத்து அவற்றில் உண்டு. ‘கள்ளம்’ களவோடு உறவுடையது. கள்ள நோட்டு, கள்ள உறுதி, கள்ள வாக்கு என எமது பிரதேசத்தில் பெருவழக்காயுள்ளது. காணி உறுதியொன்றைப் பொய்யாக முடித்தலைக் குறிக்கக் கல்முனை, சம்மாந்துறைப் பகுதி மக்கள் வேறு சொல்லைத் தேடுவதில்லை.

‘இட்டுக்கட்டுதல்’ என்னும் சொல் தனிக்கவனத்துக்குரியது. நபிமொழிகளை ஆராய்ந்த இஸ்லாமிய அறிஞர், நபியவர்கள் கூறாத ஒன்றை அவர்கள் கூறியதாகச் சமைத்த செய்தியை ‘மவ்ழூஃ’ என அழைத்தனர். அது ‘வைத்தல், இடுதல்’ எனப் பொருள்படும் அறபு அடியினின்று தோன்றிய சொல். எமது உலமாக்கள் அதனை ‘இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்’ எனத் தமிழாக்கினர். இடுதல் என்னும் அதே வேர்ப்பொருள் தமிழிலும் அமைந்துகிடந்தமை இத்தமிழாக்கத்தின் சிறப்பு. கி.பி. 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி இத்தகைய செய்திகளைத் தொகுத்துத் தனிநூலே ஆக்கினார். ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தோர் வரிசையை ஒருவர்பின் ஒருவராகச் சோதித்தல் அவ்வறிஞர்தம் முறை. அவ்வரிசைக்கு ‘இஸ்னாத்’ என்று பெயர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருக்கு நினைவாற்றலும் நேர்மையும் உண்டா என்னும் வினாக்கள் இம்முறையின் உயிர்நாடி. வதந்தியிலே மறைந்துபோகும் எழுவாயை மீண்டும் தேடிப் பிடிப்பதே இஸ்னாத் ஆராய்ச்சி எனக் கூறின் பிழையாகாது.

இறுதியாக, இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் நாள்தோறும் வழங்கும் ‘பேய்க்காட்டுதல்’ என்னும் சொல்லைக் குறிப்பிடல் வேண்டும். இல்லாத பேயை இருப்பதாகக் காட்டுதல் அதன் சொற்பொருள், ஏமாற்றுதல் வழக்குப்பொருள். வித்தைக்காரனின் காட்சியிலிருந்து பிறந்த ‘ஹோக்ஸ்’ என்பதோடு கருத்தளவில் மிகவும் நெருங்கிய சொல் இதுவே. பேயைக் காட்டுபவன் பேயில்லை என்பதை அறிவான். காண்பவன் ஏற்கெனவே பேய்க்கு அஞ்சுபவன்.

4. அம்பாறை, 2018

அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோரத்திலும், உள்ளே சம்மாந்துறையிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த தலைநகரான அம்பாறை சிங்களப் பெரும்பான்மை நகராகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள். 39 சதவீதத்தினர் சிங்களவர். 17 சதவீதத்தினர் தமிழர். ஆகவே பத்தில் ஆறு பேர் தமிழ் பேசுவோராகவும், மாவட்டத்தின் நிர்வாகத் தலைநகர் சிங்களம் பேசும் நகராகவும் உள்ள நிலை நிகழ்வின் பின்னணியாகும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலிருந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் உணவருந்திய ஒருவர், தமது உணவிலே வெண்ணிறக் கட்டியொன்றைக் கண்டார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. கூட்டம் திரண்டது. பணம் வாங்கும் இடத்திலிருந்தவரிடம் அவருக்குச் சரிவர விளங்காத சிங்களத்தில், மாத்திரை போட்டீர்களா என்னும் வினா மீண்டும் மீண்டும் தொடுக்கப்பட்டது. அச்சத்தின் பிடியிலிருந்த அவர், மாவைப் பற்றிக் கேட்பதாக எண்ணி, ஆம் எனப் பொருள்படும்படி விடையளித்தார். அக்காட்சி கைத்தொலைபேசியிற் பதிவு செய்யப்பட்டு முகநூலிற் பரவிற்று. அவர் தாக்கப்பட்டார், கடை நொறுக்கப்பட்டது, நகரின் பள்ளிவாசலும் வேறு சில கடைகளும் வாகனங்களும் தாக்குதலுக்குள்ளாயின.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அவ்வுணவைப் பரிசோதித்து, மலடாக்கும் பொருள் எதுவும் அதிலில்லை, காணப்பட்டது மாக்கட்டியே என 2018 மார்ச் மாதத்தில் அறிவித்தது. உணவிற் கலந்து ஒருமுறை உண்பித்து ஒருவரை நிலையாக மலடாக்கவல்ல மாத்திரை எதனையும் மருத்துவ அறிவியல் அறியாது. கருத்தடை மாத்திரையோ நாள்தோறும் உட்கொள்ளப்பட வேண்டியது. நிறுத்தியதும் அதன் பயன் நீங்குவது. பழைய அளவைநூலார் இல்பொருளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் முயற்கோடு, மலடி மகன் என்பவற்றின் வரிசையிலே இம்மாத்திரையும் வைக்கத்தக்கது.

எனினும் பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமுன்னரே வேறோரிடத்திலே தீ மூண்டுவிட்டது. தெல்தெனியாவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதியொருவர் மார்ச் முற்பகுதியில் இறந்தார். அதனைத் தொடர்ந்து திகன முதலாய கண்டி மாவட்ட ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி நாடளாவிய அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் முகநூல் முதலியன முடக்கப்பட்டன. அவ்வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று.

5. வதந்தியா, இட்டுக்கட்டா?

இந்நிகழ்வினை ‘வதந்தி’ என எழுதியோரே பலர். ஆனால் அதனுள் மூன்று அடுக்குகள் உள என்பதை நோக்குதல் தகும். முதலாவது, அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றினர் என முகநூலில் உலவிய செய்தி. அத்தகைய கைப்பற்றல் நிகழவேயில்லை. இடம், தொழில், எண்ணிக்கை, பொலிசார் என்னும் சான்றுகளோடு கூடிய அப்பொய்யை யாரோ ஒருவர் பொய்யென அறிந்தே எழுதியிருத்தல் வேண்டும். இஃது ஐயத்துக்கிடமின்றி ‘ஹோக்ஸ்’ ஆகும். இரண்டாவது, மாக்கட்டியைக் கண்டவரின் அச்சம். அவர் முன்னரே ஊட்டப்பட்ட நம்பிக்கையின் வழி நின்று கட்டியைக் கண்டார் எனக் கொள்வதே நியாயம், அவர் நம்பியவர். மூன்றாவது, காணொளியைப் பரப்பியோர். அவருள் நம்பியோரும் இருப்பர். நம்பாது பயன்கருதிப் பரப்பியோரும் இருப்பர். மூன்றையும் ‘வதந்தி’ என்னும் ஒரே போர்வையால் மூடுமிடத்து முதலாமவர் தப்பிவிடுகின்றார். இரண்டாமவரை மட்டும் கண்டிக்குமிடத்தோ, ஒரு நாட்டுப்புறத்து மனிதரின் அறியாமைமீது பழி முழுவதையும் சுமத்தியவராவோம்.

நிகழ்வின் அளவைநெறியும் ஆராயத்தக்கது. மணிமேகலை கூறும் ஏதுப்போலி 14 வகைகளுள் அசித்தம் நான்கு. அவற்றுள் ஒன்று, ஐயத்துக்குரியதையே காரணமாக நிறுத்துதல். எழுவது புகையோ பனியோ என ஐயுற்ற நிலையிலேயே ஆங்கு நெருப்புண்டு என முடிவு கட்டுவது அதற்கு எடுத்துக்காட்டு. கட்டி மாவோ மாத்திரையோ எனத் துணியப்படாத நிலையில், கட்டி இருந்தமையால் மருந்து கலக்கப்பட்டது என்ற வாதம் இவ்வகையைச் சார்ந்ததே. அநைகாந்திகம் என்னும் வழுவும் இதிற் பொருந்தும். மருந்து கலந்த உணவிலும் கட்டி காணப்படலாம். கலவாத உணவிலும் காணப்படலாம். இரண்டிடத்தும் காணப்படுவது எதனையும் நிறுவாது.

ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்ட விடையோ இதனினும் வலுவற்றது. அச்சுறுத்தலினால் பெறப்பட்ட ஒப்புதல் ஏற்கத்தக்கதன்று என்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. நீதிமன்றிலே நுழைவதற்கே தகுதியற்ற சான்று, தெருவிலே தீர்ப்பாயிற்று. இன்னொரு முரணும் உண்டு. சிங்களத்தில் மலட்டைக் குறிக்கும் ‘வந்த’ என்னும் சொல்லும், தமிழ் நிகண்டுகளிலே மலடியைக் குறிக்கும் ‘வந்தி’ என்னும் சொல்லும் ஒரே வடமொழி அடியினின்று வந்தவை. சொற்கள் உறவாயிருக்க, அவற்றைப் பேசுவோர் ஒருவர் வினாவை மற்றவர் விளங்கிக்கொள்ளாத நிலையில் எதிரெதிரே நின்றனர். 1956ஆம் ஆண்டுச் சிங்கள மொழிச் சட்டமும், 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியென ஏட்டில் எழுதப்பட்டமையும் கடந்து, பத்தில் ஆறு பேர் தமிழ் பேசும் மாவட்டத்தின் தலைநகரிலே தன்மேற் சுமத்தப்பட்ட குற்றத்தை மறுக்க ஒருவருக்கு மொழி வாய்க்கவில்லை.

6. சமூக அடிப்படை

பேயைக் காட்டுவதற்கு, பேயை அஞ்சும் மனம் முன்னரே வேண்டும் என்றோம். 2013ஆம் ஆண்டின் ஹலால் எதிர்ப்பியக்கமும், 2014 ஜூனில் அளுத்கமையில் நிகழ்ந்த வன்செயலும் அத்தகைய மனத்தை ஆக்கியவற்றுட் சில. முஸ்லிம் கடைகளில் விற்கப்படும் பெண்களின் உள்ளாடைகளிலே மலடாக்கும் பொருள் உண்டு என்னும் கதையும் அக்காலத்தில் உலவிற்று. இக்கதைகள் யாவும் கடையைச் சுற்றியே நிகழ்வன. வாங்குவோன் பெரும்பான்மையினன், விற்போன் சிறுபான்மையினன் என்னும் உறவின் மேல் அவை கட்டப்பட்டுள்ளன. வணிகப் போட்டியும் பொருளாதார நெருக்கடியும் இனத்தின் அழிவு என்னும் மொழியிலே பேசப்படும்பொழுது, உணவும் உடையும் ஆயுதங்களாகத் தோற்றம் தருகின்றன.

இனம் அழிகின்றது என்னும் அச்சத்துக்குக் கணக்கிலே இடமுண்டா எனின், இல்லை. 1953ஆம் ஆண்டில் இலங்கை மக்களுள் சிங்களவர் 69.4 சதவீதத்தினர், 1981இல் ஏறத்தாழ 74 சதவீதத்தினர், 2012இல் 74.9 சதவீதத்தினர். ஆனால் இத்தகைய அச்சம் கணக்கினால் ஆக்கப்படுவதன்று. ஆகவே கணக்கினால் மட்டும் நீங்குவதுமன்று. 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடைபெற்ற மறுமாதமே, குருநாகல் வைத்தியசாலையைச் சேர்ந்த முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என நாளிதழொன்று முதற்பக்கத்திற் பறைசாற்றியது. அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தும், அவர் மீண்டும் பணியில் அமர ஆண்டுகள் பல சென்றன. சாப்பாட்டுக் கடையிலிருந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கதை இடம்பெயர்ந்ததேயன்றி மாறிற்றில்லை. 2020இல் கொவிட் நோயால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடிநீர் நஞ்சாகும் என்னும் அறிவியற்போலியின் பேரில் முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன; 2021 பெப்ரவரியில் அவ்விதி நீக்கப்பட்டது; 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரிற்று.

இஃது இலங்கைக்கே உரிய நோயன்று. 1348–49ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிற் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டனர் என யூதர் கொல்லப்பட்டனர். 1857இன் தொடக்கத்தில் கான்பூர்ப் பகுதியிலே, கோதுமை மாவில் பசுவினதும் பன்றியினதும் எலும்புத்தூள் கலக்கப்பட்டுள்ளது என்னும் கதை சிப்பாய்களிடையே பரவிற்று. உணவின் வழியாக உடலுட் புகுந்து இனத்தையோ சமயத்தையோ அழிக்கும் பகைவன் என்னும் கற்பனை காலந்தோறும் புதுப்பெயர் பெறுகின்றது.

அக்கற்பனைக்கு முஸ்லிம்களும் விலக்கானவரல்லர் என்பதையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் நைஜீரியாவின் கானோ மாநிலத்திலே, போலியோத் தடுப்புமருந்தில் முஸ்லிம் பெண்பிள்ளைகளை மலடாக்கும் பொருள் உண்டு என்னும் கதை நம்பப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு அம்மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. விளைவாக நோய் பல நாடுகளுக்குப் பரவிற்று. பத்தாண்டு காலம் நோயற்றிருந்த இந்தோனேசியாவிலும் 2005இல் குழந்தைகளின் கால்கள் முடங்கின. அம்பாறையில் எம்மை எரித்த கதையும் கானோவில் எம்மவர் நம்பிய கதையும் ஒரே கதைதான். தடுப்பூசி பற்றியோ, வேற்றினத்தார் பற்றியோ கைத்தொலைபேசியில் வந்து சேரும் செய்தியை ஆராயாது அடுத்தவருக்கு அனுப்பும் கை, அம்பாறைக் காணொளியை அனுப்பிய கைக்கு எவ்வகையிலும் மேம்பட்டதன்று. நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதவாறு காத்துக்கொள்ளுமாறும் அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கின்றது. அப்பணிப்பு பிறருக்கு எடுத்துக்காட்டுவதற்கு முன்னர் எம்மால் ஒழுகப்பட வேண்டியதாகும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. ‘ஹோக்ஸ்’ என்பது பல்கலைக்கழகப் பகிடியாகத் தோன்றி, பொய்யென அறிந்தே சான்றோடு சமைக்கப்பட்ட செய்தியைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றது. ‘போலி’ பொருளைப் பற்றியது. ‘வதந்தி’ எழுவாய் இல்லாதது. ‘புரளி’ பரபரப்பைச் சுட்டுவதேயன்றி ஆக்கியவனைச் சுட்டுவதன்று. ஆதலின் ‘இட்டுக்கட்டு’ என்னும் சொல்லே ‘ஹோக்ஸ்’ என்பதற்கு ஏற்ற தமிழாகும் எனக் கொள்ளலாம். அது செய்பவனை வேண்டி நிற்கும் வினையடியாகப் பிறந்தது. முஸ்லிம் தமிழ் வழக்கிலே நெடுநாட் பயின்றது. செய்தியின் வழித்தடத்தை ஆராயும் ஒரு பெருமரபைத் தன்னோடு கொண்டு வருவது. பேச்சு வழக்குக்குப் ‘பேய்க்காட்டு’ இருக்கவே இருக்கின்றது.

அறிக்கையிலும் நாளிதழிலும் பாடநூலிலும் அம்பாறை நிகழ்வை எழுதுவோர், வதந்தி பரவியது என்று முடிக்காது, 23,000 மாத்திரைக் கதையை இட்டுக்கட்டியவர் யார், அதனாற் பயனடைந்தவர் யார், அதனைத் தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் தடுக்காதவர் யார் என்னும் வினாக்களையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். முகத்தையும் குரலையும் கணினியே சமைத்துத் தரும் காலத்திலே அடுத்த காணொளிக்கு அச்சத்தில் தலையசைக்கும் மனிதர் ஒருவர்கூடத் தேவைப்படமாட்டார். அத்தகைய காணொளி வருமுன்னரே, இரு மொழியிலும் வினவவும் விடையளிக்கவும் வல்லோரை எமது கரையோரப் பாடசாலைகளும் அம்பாறைப் பாடசாலைகளும் ஒருங்கே உருவாக்குதல் இன்றியமையாததாகும்.